நடந்துகொண்டே நிற்கும் அரசன்: ஓவியர் சங்கரும் அவருக்குப் பின்வந்த சித்திரங்களும்

குண்டடத்திலிருந்து தாராபுரம் சென்று, அங்கிருந்து அமராவதி ஆற்றின் போக்கை எதிர்த்துத் தென்மேற்கே பயணம் செய்கிறவர்கள், மானாவாரிச் சோளக்காடுகளும் கிளுவை வேலிகளும் மெல்ல மெல்லப் பின்தங்க, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் எதிர்கொள்ளும் பழைய ராஜவாய்க்கால் பாசனப் பிரதேசத்துக்குள் பிரவேசிக்கிறார்கள். குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர் என்று வாய்க்கால்களோடு பெயரைப் பகிர்ந்துகொண்ட ஊர்களின் வரிசையில் காரத்தொழுவும் ஒன்று. முன்பு கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தின் பகுதியாகிவிட்ட இந்தச் சிற்றூரில் 1924-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி பிறந்த கே. சி. சிவசங்கரன், சங்கர் என்ற சுருக்கப் பெயரில், ஏறக்குறைய அறுபது ஆண்டுக் காலம் ‘அம்புலிமாமா’ப் பத்திரிகைக்குச் சித்திரம் எழுதினார். அவருடைய பெயரைச் சொன்னால் யாரென்று வினவுகிறவர்கள் இந்த வட்டாரத்திலேயே அநேகர். ஆனால் உருவிய வாளோடு, பிணத்தைத் தோளில் சுமந்து, மயானத்து வழியே நடக்கும் விக்கிரமாதித்தனை மனக்கண்ணில் காணாதவர், அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறைகளில் அரிதினும் அரிது. வரைந்தவர் பெயர் மங்கி, வரைந்த உருவம் மட்டும் தேசமெங்கும் நிலைபெற்றது எவ்வாறு, அந்த உருவம் பின்வந்த சித்திரங்களுக்குள் எவ்வளவு தூரம் சென்றது, எந்த இடத்தில் அதன் வழி அடைபட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தேடலுக்கு ஜப்பான் தேசத்துச் சித்திரக்கதையின் சரித்திரம் நமக்கு உற்ற துணையாகும். 1947-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒசாகா நகரில், ஒசாமு தெசுகா என்ற பதினெட்டு வயது மருத்துவ மாணவர், ஷிச்சிமா சகாய் என்ற மூத்தவரின் கதைத் திட்டத்தை வைத்துக்கொண்டு, ‘புதிய புதையல் தீவு’ என்னும் மலிவுவிலைச் சித்திரக்கதைப் புத்தகத்தை வெளியிட்டார். யுத்தத்தில் எரிந்து கருகிக் கிடந்த ஒரு நாட்டில் அந்தப் புத்தகம் நான்கு லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அதன் ஆரம்பப் பக்கங்களில் ஒரு சிறுவன் மோட்டார் காரில் துறைமுகத்தை நோக்கி விரைகிறான்; கட்டத்துக்குக் கட்டம் பார்வையின் கோணம் மாற, நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் அமர்ந்திருப்பதுபோல் அதுவரை படம் பார்த்துப் பழகிய வாசகன், திடீரென்று காமிராவின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறான். சரியாக ஆறு மாதங்கள் கழித்து, அதே 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சென்னையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினார்கள். இவ்விரு தொடக்கங்களும் ஒன்றையொன்று அறியாதவை. எனினும், குழந்தைகளுக்கென்று பிறந்து பெரியவர்களின் கற்பனையையும் ஆட்கொண்ட இரண்டு பெரிய சித்திர மரபுகள் ஒரே ஆண்டில் உதயமாகி, ஒன்று பல்லாயிரம் கிளைகளாக விரிய, மற்றொன்று ஒற்றைத் தண்டாகவே நின்று போனதேன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சங்கர் இளம்பிராயத்திலேயே சென்னைக்குக் குடிபெயர்ந்து, பள்ளிப்படிப்பை முடித்ததும் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் தோற்றுவித்த அந்த ஸ்தாபனத்துக்கு அப்போது முதல்வராக விளங்கியவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. பின்னாளில் மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த அதே சிற்பி. உடற்கூறு, நிழலும் ஒளியும், துணியின் மடிப்பு, சரீரத்தின் பாரம் எந்தக் காலில் விழுகிறது என்னும் நுட்பம் ஆகியவற்றைக் கண்டிப்புடன் போதித்த அவருடைய சிட்சையில் தேறியவர்கள் இரண்டு திசைகளில் பிரிந்தார்கள். கே. சி. எஸ். பணிக்கர் போன்றோர் நவீன ஓவியத்தின் வழியே சென்று, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். சங்கரைப் போன்றோர் பத்திரிகை அலுவலகத்து மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள். கலை விமரிசகர்கள் முதல் வழியைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது வழியைப் பற்றி எழுதியது சொற்பம். லட்சக்கணக்கான வீடுகளில் மாதந்தோறும் நுழைந்த சித்திரம் எது, கண்காட்சிக் கூடத்துக்கு வந்த சிலர் மட்டும் பார்த்த சித்திரம் எது என்று எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்றத்தாழ்வு நியாயமானதென்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

1924 தமிழ்ப் பத்திரிகை ஓவியத்துக்கு ஒரு புண்ணிய வருஷம் என்றே சொல்ல வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னுக்கு உருவம் கொடுத்த மணியமும், ஆனந்த விகடனில் நகைச்சுவைக் கோட்டின் எல்லையை விரித்த கோபுலுவும், சங்கரும் அந்த ஓர் ஆண்டிலேயே பிறந்தவர்கள். மூவரில் மணியத்தின் செல்வாக்கை இன்று எளிதில் நிரூபித்துவிடலாம். வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும் எவ்விதக் கொண்டையும் ஆபரணமும் நிலையும் உடையவர்கள் என்பதை 1950-க்கும் 1954-க்கும் இடையே ‘கல்கி’ வாசகர்களின் மனத்தில் அவர் பதித்துவிட்டபடியால், 2022-இல் அந்தக் கதை திரைக்கு வந்தபோது, நடிகர்களின் தோற்றத்தை ஜனங்கள் ஒப்பிட்டுப் பார்த்தது எழுத்தோடு மட்டுமல்ல, மணியத்தின் கோட்டோடும்தான். சங்கரின் செல்வாக்கு இவ்வளவு வெளிப்படையானதன்று. அது ஆழத்தில் ஓடுவது.

கி. வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த ‘கலைமக’ளில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1952-இல் சங்கர் அம்புலிமாமாவுக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே இருவர் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் எம். டி. வி. ஆச்சார்யா, மகாபாரதக் காட்சிகளை அட்டைப்படமாக எழுதி, பத்திரிகையின் முகத்துக்கே ஒரு கம்பீரத்தை அளித்தவர். மற்றவர் சித்ரா என்ற புனைபெயர் கொண்ட டி. வீரராகவன், முறையான ஓவியப் பயிற்சி பெறாமலேயே, தடித்த, உருண்ட, துணிச்சலான கோட்டால் ராட்சசர்களையும் மந்திரவாதிகளையும் நடமாட விட்டவர். இவ்விருவருக்கும் இடையில் சங்கர் தமக்கென்று ஓரிடத்தைக் கண்டெடுத்தார். மெல்லிய பேனாக் கோடு, அதன்மேல் நெருக்கமாக இழைந்து உருவத்தின் திரட்சியைக் காட்டும் நிழற்கோடுகள், கட்டடத்தின் தூணிலும் ஆசனத்தின் காலிலும்கூடக் காலத்துக்கும் தேசத்துக்கும் ஏற்ற வேலைப்பாடு: இவையே அவருடைய முத்திரை. சித்ராவின் படத்தில் அற்புதம் முன்னால் வந்து நிற்கும். சங்கரின் படத்திலோ, இவ்வளவு நிஜமான ஒரு மாளிகைக்குள் இப்படியோர் அற்புதம் நிகழ்ந்துவிட்டதே என்ற திகைப்பு முதலில் எழும். மாயக் கதைக்கு யதார்த்தத்தின் எலும்புக்கூட்டைக் கொடுத்த இந்தக் காரியத்தை ராய் சௌத்ரியின் சிட்சையின்றிச் செய்திருக்க முடியாது.

பத்திரிகை நடந்த விதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கொடவட்டிகண்டி குடும்பராவ், தாசரி சுப்பிரமணியம் முதலானோர் தெலுங்கில் ஆக்கிய கதைகள் பிற மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஒரே படங்களோடு எல்லாப் பதிப்புகளிலும் வெளியாகும். 1949-இல் கன்னடமும் இந்தியும், 1955-இல் ஆங்கிலமும், 1984-இல் சமஸ்கிருதமும் என்று மொழிகள் சேர்ந்துகொண்டே போயின. இலங்கை வாசகர்களுக்காகச் சிங்களப் பதிப்பும் சில காலம் வந்தது. கதை எழுதியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சாகவில்லை. படத்தின் மூலையிலோ ஓவியரின் கையொப்பம் சிறியதாக நிற்கும். மொழிதோறும் சொல் மாறிக்கொண்டிருந்த அந்தப் பத்திரிகையில், பஞ்சாபிலும் வங்காளத்திலும் கேரளத்திலும் அணுவளவும் மாறாமல் ஒரே தோற்றத்தில் சென்றடைந்தது சித்திரம் ஒன்றே. ஆதலால் அம்புலிமாமாவின் உண்மையான பொதுமொழி சங்கரும் அவருடைய சகாக்களும் எழுதிய கோடு என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி அந்தப் புகழ்பெற்ற சித்திரத்துக்கு வருவோம். சோமதேவரின் ‘கதாசரித் சாகர’த்தில் உள்ள வேதாளக் கதைகள் இருபத்தைந்தே. அவை தீர்ந்த பிறகும், அதே சட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான புதிய கதைகளைப் புனைந்து, பத்திரிகை அந்த வரிசையைப் பல பத்தாண்டுகள் நடத்திற்று. ஒவ்வொரு கதைக்கும் முகப்பாக நின்ற சங்கரின் சித்திரத்தில் அரசன் நடக்கிறான். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. செய்தே தீர வேண்டிய ஒரு காரியத்தை மேற்கொண்டவனுடைய நடை அது. கையில் உருவிய வாள். தோளின்மேல் கிடக்கும் பிணத்தின் மயிர் அவிழ்ந்து தொங்குகிறது. உயிருள்ள உடலின் இறுக்கமும் உயிரற்ற உடலின் துவட்சியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும் இடத்தில்தான் ஓவியரின் வித்தை முழுவதும் வெளிப்படுகிறது. சுமப்பவனின் தசையில் முறுக்கேறிய அளவுக்குச் சுமக்கப்படும் உடலில் பாரம் இறங்குகிறது. பயங்கரமான இடத்தில் நிகழும் காட்சிதான். எனினும் அந்த முகத்தில் பயம் இல்லாதபடியால், பார்க்கிற குழந்தைக்கும் பயம் வராமல், ஒரு விதமான மரியாதை கலந்த ஆவலே உண்டாகிறது.

இச்சித்திரத்தின் விசேஷம் அதன் அழகோடு முடிந்துவிடவில்லை. கதையின் அமைப்பை நினைத்துப் பாருங்கள்: அரசன் மரத்திலிருந்து பிணத்தை இறக்குகிறான், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது, அரசன் விடை சொல்ல, அவனுடைய மௌனம் கலைந்ததும் பிணம் மீண்டும் மரத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே கதையின் முதல் காட்சியும் இறுதிக் காட்சியும் ஒன்றேயாகின்றன. இந்த ஒரு படம் இரண்டுக்கும் பொருந்துகிறது. தெசுகாவின் சிறுவன் ஏறிய கார் சில பக்கங்களில் துறைமுகத்தை அடைந்துவிடுகிறது, ஏனெனில் அங்கே காலம் ஒரு நேர்கோடு. அதைக் கட்டங்களாக வெட்டி அடுக்கினால்தான் ஓட்டம் பிறக்கும். சங்கரின் விக்கிரமாதித்தனோ பத்திரிகை நடந்த காலம் முழுவதும் போய்ச் சேரவேயில்லை. அங்கே காலம் ஒரு வட்டம், அந்த வட்டத்துக்கு ஒரே ஒரு சித்திரம் போதும். ஜப்பானியர் இருபது கட்டங்களில் பரப்பிய அசைவை நம் ஓவியர் ஒற்றை நடையில் அடைத்துவைத்தார் என்பதே என் முடிபு. அவருடைய செல்வாக்கின் வலிமைக்கும், அது ஒரு பரம்பரையாகக் கிளைக்காமற் போனதற்கும் காரணம் இந்த ஓரிடத்திலேயே இருக்கிறது.

வலிமையை முதலில் பார்க்கலாம். 1985-இல் ராமானந்த் சாகர் தூர்தர்ஷனுக்காக ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடரைத் தயாரித்தபோது, பாத்திரங்களின் உருவத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே நேரவில்லை. அரசன் ஒருவன் முதுகில் வெண்மயிர் தொங்கும் உருவத்தோடு நடந்தால் அது இன்ன கதை என்பது, ஹிந்தி அறியாத கொங்கு நாட்டுக் குழந்தைக்கும் விளங்கிற்று. 2017-இல் வெளிவந்த ‘விக்ரம் வேதா’ என்ற தமிழ்த் திரைப்படம், போலீஸ் அதிகாரிக்கும் குற்றவாளிக்கும் இடையிலான நவீன கதையைச் சொல்லப் புகுமுன், விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரும் ஒரு சிறிய அசைவோவியத்தோடு தொடங்குகிறது. முப்பதாண்டு இடைவெளியில், இரண்டு மொழிகளில், இரண்டு ஊடகங்களில், அந்த ஒரே நிலையைக் காட்டியதும் பார்வையாளர் தாமாகவே கதைக்குள் பிரவேசித்துவிடுகிறார்கள். ஒரு தனிச் சித்திரத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் தெசுகாவின் செல்வாக்கு வேறு விதமானது. தாம் குடியிருந்த டோக்கிவா என்னும் வாடகைக் கட்டடத்து அறையை விட்டு 1954-இல் அவர் வெளியேறியபோது, அந்த அறைக்கு வந்து சேர்ந்தவர்கள், சிறுவர்களாக இருந்தபோது ‘புதிய புதையல் தீ’வைப் படித்து மதிமயங்கிப்போன இரண்டு வாலிபர்கள், ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற கூட்டுப் பெயரில் எழுதியவர்கள். அவ்விருவரில் ஒருவரான ஹிரோஷி ஃபுஜிமோட்டோ படைத்ததுதான் ‘டோரேமான்’ என்னும் நீலப் பூனை. ஷோட்டாரோ இஷினோமோரியும் ஃபுஜியோ அகாட்சுகாவும் அதே கட்டடத்தில் வாழ்ந்து வளர்ந்தவர்கள். 1961-இல் தெசுகா தொடங்கிய முஷி ஸ்தாபனத்தில் பயின்று வெளியேறிய யோஷியுகி தோமினோ 1979-இல் ‘கண்டம்’ என்ற இயந்திர வீரர் தொடரைப் படைத்தார். ஒசாமு தெசாகியும் அங்கே தொழில் கற்றவரே. 1971-இல் தெசுகாவின் பெயரால் ஏற்படுத்தப்பட்ட பரிசில், 1992-ஆம் ஆண்டு பதினேழு வயதுப் பையனாக இரண்டாம் இடம் பெற்ற எய்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ இன்று உலகமெல்லாம் அறிந்த கதை. எங்கள் குண்டடம் பகுதியில், தாயும் தந்தையும் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், தமிழ் பேசும் டோரேமானோடு மாலைப் பொழுதைக் கழிக்கும் பிள்ளைகள், தாம் அறியாமலேயே, தெசுகா காலிசெய்துகொடுத்த அறையின் வாரிசுகளாக இருக்கிறார்கள். முப்பது மைலுக்குள் பிறந்த சங்கரை அவர்களுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.

இந்த வேறுபாட்டுக்கு ஓவியர்களின் திறமையைக் காரணம் காட்டுவது பேதைமை. வரைவுத் திறனில் சங்கர் தெசுகாவுக்கு இம்மியும் தாழ்ந்தவரல்லர். தேர்ந்த பயிற்சியும் சரீர ஞானமும் அவருக்குக் கூடுதலாகவே இருந்தன. காரணம் ஸ்தாபனங்களின் அமைப்பில் இருக்கிறது. ஏறத்தாழப் பன்னிரண்டு மொழிகளுக்கு ஒரே படம் என்ற ஏற்பாட்டில், படத்துக்குள் பேச்சு நுழைய முடியாது. எழுத்து ஒருபுறம், சித்திரம் ஒருபுறம் என்று பிரித்துவைத்தால்தான், தமிழில் நீண்டும் ஆங்கிலத்தில் குறுகியும் வரும் வசனங்களுக்கு ஏற்பப் பக்கத்தைச் சரிசெய்ய முடியும். 1967-இல் அனந்த் பை தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ பேச்சுக் குமிழிகளை ஒவ்வொரு மொழிக்கும் மாற்றி எழுதி இந்தச் சங்கடத்தைக் கடந்ததென்பது உண்மையே. ஆயினும் தனித்தனிப் புத்தகங்களுக்குச் சாத்தியமான அந்தப் பிரயாசை, எல்லா மொழிகளிலும் மாதந்தோறும் வெளிவந்தாக வேண்டிய பத்திரிகைக்குப் பெரும் சுமையாகியிருக்கும். தேசத்தையே ஒரு சித்திரத்தின் கீழ் சேர்த்த அதே ஏற்பாடு, அந்தச் சித்திரத்தைக் கட்டம் விட்டுக் கட்டம் நகர முடியாமல் கட்டிப்போட்டது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. தெசுகா சினிமாவைக் கொட்டகையில் பார்த்துத்தான் கற்றார். நாகிரெட்டியோ சினிமாவையே தொழிலாகக் கொண்டவர். 1951-இல் ‘பாதாள பைரவி’யையும் 1957-இல் ‘மாயாபஜா’ரையும் எடுத்த அதே கூட்டாளிகளின் கையிலிருந்தே அம்புலிமாமாவும் வெளிவந்தது. தந்திரக் காட்சிகளில் அந்நாளில் இந்தியாவுக்கே வழிகாட்டிய ஒரு ஸ்டூடியோ வடபழனியில் இயங்கிக்கொண்டிருக்க, பத்திரிகையின் பக்கங்களில் பார்வைக் கோணம் பெரும்பாலும் நாடக மேடைக்கு எதிரில் அமர்ந்தவனுடைய கோணமாகவே நீடித்தது. அண்மைக் காட்சி, மேலிருந்து நோக்கும் காட்சி, ஓடுகிறவனோடு தாமும் ஓடும் காட்சி ஆகியவற்றைக் காமிராக்காரரிடமிருந்து ஓவியர் வாங்கிக்கொள்ள வாசல் ஒன்று திறந்தே இருந்தும், அந்த வாசல் வழியே யாரும் அனுப்பப்படவில்லை. இந்திய அசைவோவியத்தின் பள்ளிக்கூடமோ நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பம்பாயில், மத்திய சர்க்காரின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் அமைந்தது. 1956-இல் டிஸ்னி ஸ்தாபனத்தைச் சேர்ந்த கிளேர் வீக்ஸ் அங்கு வந்து பயிற்றுவித்தவர்களிலிருந்தே ராம் மோகன் முதலானோர் உருவானார்கள். பத்திரிகை ஓவியமும் அசையும் ஓவியமும் ஜப்பானில் ஒரே மனிதரின் மேஜையில் கலந்தன; நம் நாட்டில் அவை சந்தித்துக்கொள்ளவில்லை.

தமிழில் தொடர் சித்திரக்கதைக்கு வாசகர் கூட்டம் திரண்டபோதோ, அந்தப் பசியைத் தீர்த்தவை அயல்நாட்டுப் படங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகனான இரும்புக்கை மாயாவி, ஆங்கிலப் பத்திரிகைக்காக ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ எழுதிய உருவம். 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் பிரதானமாக மொழிபெயர்ப்பு வழியிலேயே சென்றது. அவை தமிழ்ச் சிறுவர்களுக்கு அளித்த ஆனந்தம் அளவற்றது. அதை நான் சிறிதும் குறைத்துப் பேசேன். எனினும், ஆயத்தமாகக் கிடைக்கும் படத்தை வாங்கி வசனத்தை மட்டும் மாற்றுவது மலிவாக இருக்கும்போது, உள்ளூர் ஓவியரை அமர்த்தி இருபது பக்கம் வரையச் செய்ய எந்தப் பிரசுரகர்த்தர் முன்வருவார்? வாண்டுமாமா எழுத, செல்லம் வரைந்த படக்கதைகள் அந்தத் திசையில் மிகச் சிறந்த முயற்சிகள். ஆனால் இரண்டொரு மனிதரின் உழைப்பு ஒரு மரபாக வளர்வதற்கு வேண்டிய வாரப்பத்திரிகைகளும் உதவியாளர்களும் மூலதனமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

தெசுகாவின் வழியை மாசற்றதென்று கொண்டாடவும் கூடாது. 1963-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொலைக்காட்சியில் தோன்றிய அவருடைய இயந்திரச் சிறுவன் ‘ஆட்டம்’, வாரந்தோறும் வர வேண்டியிருந்தமையால், படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வாயை மட்டும் அசைத்து, ஒரே காட்சியை மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தும் சிக்கன முறையில் தயாராயிற்று. செலவுக்கும் கட்டாத விலைக்கு அதை விற்றார். அந்த விலையே பிறகு வந்தவர்களுக்கும் அளவுகோலாகி, அசைவோவியத் தொழிலாளிகளின் ஊதியத்தை நெடுங்காலம் அமுக்கிவைத்தது என்று ஹயாவோ மியாசாகி, தெசுகா 1989-இல் மறைந்த சமயத்திலேயே தயக்கமின்றி எழுதினார். முஷி ஸ்தாபனமும் 1973-இல் திவாலாயிற்று. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் நிறைந்த எங்கள் வட்டாரத்தில், முதலில் ஒத்துக்கொண்ட குறைந்த ரேட் பிறகு ஒருநாளும் ஏறுவதில்லை என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சங்கரோ மாதச் சம்பளம் வாங்கி, முதுமை வரையில் ஒரே மேஜையில் அமர்ந்து, ஒவ்வொரு தூணுக்கும் வேண்டிய நேரத்தைக் கொடுத்து வரைந்தார். அந்த நிதானம் இல்லாவிட்டால் அந்தக் கோடும் இல்லை.

கோட்டின் தன்மை அதன் பிற்கால வாழ்வை நிர்ணயிக்கிறது என்பதைத் திருப்பூரின் பிரிண்டிங் யூனிட்டுகளில் பிரத்தியட்சமாகக் காணலாம். கட்டிங் முடிந்து தையலுக்குப் போகுமுன், பனியனின் முன்பக்கத் துண்டை நீண்ட மேஜையின்மேல் ஒட்டிப் பரப்புகிறார்கள்; நிறத்துக்கு ஒன்றாகச் சட்டமிட்ட ஸ்கிரீன்கள் வரிசையாக வருகின்றன; ஒவ்வொன்றின்மேலும் மையை ஊற்றி ரப்பர்ப் பட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு நிறம் இறங்குகிறது; இறுதியில் கறுப்பு ஸ்கிரீன் வந்து வெளிக்கோட்டைப் போட்டதும், அதுவரை வெறும் திட்டுகளாகக் கிடந்தது கண் திறந்து பார்க்கிறது. நருட்டோ என்ற ஜப்பானியச் சித்திரக்கதை நாயகனும் ஒன் பீஸ் நாயகனும் இந்த முறைக்கென்றே பிறந்தவர்கள்போல் அநாயாசமாக அச்சாகிறார்கள். தெளிந்த வெளிக்கோடு, தட்டையான நிறம், பெரிய கண்: வாரந்தோறும் விரைவாக வரைய வேண்டியிருந்த ஜப்பானிய ஓவியர்கள் கண்டுபிடித்த சுருக்கெழுத்து இது, இழுத்தால் விரியும் பின்னல் துணியிலும் அது சிதைவதில்லை. சங்கரின் நெருக்கமான நிழற்கோடுகளை அதே துணியில் இறக்கினால், மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று மசிந்து, தசை இருந்த இடத்தில் கறை மிஞ்சும். அவருடைய கை காகிதத்துக்காக, நிதானமாகக் கண்ணருகே பிடித்துப் பார்க்கிற வாசகனுக்காக உருவானது.

இந்திய விஷயங்களே ஜப்பானியக் கோட்டின் வழியாக நம்மிடம் திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். தெசுகா 1972 முதல் 1983 வரை புத்தரின் சரித்திரத்தைப் பெரிய சித்திரக்கதையாக எழுதினார். அம்புலிமாமா வாசகர்கள் ஜாதகக் கதைகளைத் தனித்தனிப் படங்களோடு படித்துக்கொண்டிருந்த காலம் அது. யூகோ சாகோ என்ற ஜப்பானியரின் பெருமுயற்சியில், ராம் மோகனின் கூட்டுறவோடு உருவான ராமாயண அசைவோவியப் படம் 1990-களின் தொடக்கத்தில் தயாராகி, 2025-இல் தமிழ்க் குரலோடும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அரண்மனைகளும் ஆசிரமங்களும் அத்தனை சிரத்தையோடு தீட்டப்பட்டிருந்த அந்தப் படத்தைப் பார்க்கும்போது, இதே காட்சிகளை இதைவிட நுட்பமாகக் கைவசம் வைத்திருந்த ஓர் ஓவியர் கூட்டம் வடபழனியில் இருந்ததை எண்ணி எனக்கு வருத்தமே மேலிட்டது.

அம்புலிமாமாவை 2007-இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் நிறுவனம் வாங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் பத்திரிகை நின்றே போயிற்று. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி, தொண்ணூற்றாறாம் வயதில், பழைய ஓவியர் கூட்டத்தின் கடைசி மனிதராகச் சங்கர் சென்னையில் காலமானார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. தெசுகா சிறுவனாக வளர்ந்த தகராசுகா நகரத்தில் 1994 முதல் அவர் பெயரால் ஒரு நினைவுக்கூடம் இருக்கிறது. இடிக்கப்பட்டுவிட்ட டோக்கிவா கட்டடத்தையே 2020-இல் பழைய உருவத்தில் மீண்டும் எழுப்பி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் செய்யத்தக்கது இவ்வளவு பெரிய காரியமன்று. உடுமலை, தாராபுரம், காங்கயம் வீடுகளின் பரண்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் அம்புலிமாமா இதழ்களைக் கறையான் அரிப்பதற்குள் சேகரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல முறையில் ஸ்கேன் செய்து, எந்தப் படம் சங்கருடையது, எது சித்ராவுடையது, எது ஆச்சார்யாவுடையது என்று கையொப்பத்தைக் கொண்டு பிரித்து அட்டவணையிட்டு, தாராபுரத்திலோ உடுமலையிலோ ஒரு நூலகத்தின் ஓர் அறையில் வைத்தால் போதும். அயல்நாட்டு உருவங்களை அச்சிட முறையாக அனுமதி பெற்று ராயல்டி செலுத்தும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது ஒரு பருவத்து சேம்பிள் செலவுக்கும் குறைவாகவே ஆகும். ஓவியம் கற்கும் பிள்ளை அங்கே வந்து, ஒரு கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு, அந்த அரசனின் தோளில் கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று பார்த்துப் பழகட்டும்; பிறகு அவனை எத்தனை கட்டங்களில் நடக்க விடுவதென்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.